ரயிலடிப் புறநகர்: விளம்பரத்தில் ஐந்து நிமிடம், காலுக்கு எத்தனை?

நிலையத்தை ஒட்டி வீடு, வீட்டுக்குக் கீழே கடை, எல்லாமே நடக்கிற தூரம். இப்படி விற்கப்படும் புறநகர்த் திட்டங்கள் எந்த நாட்டில் வந்தாலும் வரைபடம் ஒரே அச்சில்தான் இருக்கும். நடுவில் நிலையம் ஒரு புள்ளி. அதைச் சுற்றி 400 மீட்டரில் ஒரு வட்டம், 800 மீட்டரில் இன்னொன்று. உள்வட்டத்துக்கு ஐந்து நிமிடம், வெளிவட்டத்துக்குப் பத்து. வீடு வாங்குபவர், கடை எடுப்பவர், அனுமதி தரும் உள்ளாட்சி என்று யாராக இருந்தாலும் இதில் காசு கொடுத்து வாங்குவது இந்த நிமிடங்களைத்தான். கட்டடத்தின் அழகு, பூங்காவின் பசுமை எல்லாம் அதற்குப் பிறகு. எனவே இந்தச் சரக்கை நிமிடக் கணக்கில் எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, கட்டி முடித்துப் பல ஆண்டுகள் ஓடித் தேறிய நான்கு ஊர்கள் இருக்கின்றன: ஸ்வீடனின் வெல்லிங்பி, நெதர்லாந்தின் ஹவுட்டன், ஜப்பானின் தாமா தென்-என்-தோஷி, அமெரிக்காவின் ஒரென்கோ ஸ்டேஷன். ரயிலடி நடைநகராக நான்கில் எதுவும் முழு மதிப்பெண் வாங்காது. ஆனால் எங்கே குறைகிறது என்பது ஒவ்வொன்றிலும் தெளிவாகத் தெரிகிறது.

வட்டம் பறவைக்கு, தெரு மனிதருக்கு

400 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 50 ஹெக்டேர். 800 மீட்டர் என்றால் 201 ஹெக்டேர். விளம்பரமும் திட்ட அறிக்கையும் இந்த முழுப் பரப்பையும் 'நடை தூரம்' என்று கணக்கில் எழுதிக்கொள்கின்றன. ஆனால் மனிதர்கள் தெருவழியே நடக்கிறார்கள். தெருக்கள் எல்லாம் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் கச்சிதமான கட்டத்தெரு அமைப்பிலேயே, 400 மீட்டர் நடந்து எட்டக்கூடிய இடம் ஒரு வைர வடிவம்தான். அதன் பரப்பு 32 ஹெக்டேர், அதாவது வட்டத்தில் 64 விழுக்காடு. குறுக்கே ஒன்றிரண்டு மூலைவிட்டத் தெருக்கள் போட்டால் கொஞ்சம் ஏறும். முட்டுச்சந்துகளும் ஒற்றை வாசல் லே-அவுட்டுகளும் நிறைந்த புறநகரில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இதை அளக்க மென்பொருள் வேண்டியதில்லை. லே-அவுட் வரைபடத்தை அளவுத்திட்டத்தோடு அச்செடுங்கள். நிலையத்தின் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்காமல், நடைமேடைப் படிக்கட்டு வெளியே வந்து விடும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தெருவிலும் 400 மீட்டர் அளந்து புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்து, உள்ளே விழும் பரப்பை 50 ஹெக்டேரால் வகுங்கள். 60 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் நல்ல திட்டம். பாதிக்கும் கீழே வந்தால் தெருக்களைத் திருத்தி வரையச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள குடியிருப்பின் உள்தெருவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பொதுவழி உரிமை பத்திரத்தில் இருந்தால் மட்டும் சேர்க்கலாம். 'எப்போதும் திறந்திருக்கும்' என்று விற்பனையின்போது சொல்லப்படும் வாசல், குடியிருப்போர் சங்கத்தின் ஒரே தீர்மானத்தில் மூடிவிடும்.

தெருக்களின் நீளமும் இதில் சேரும். இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடையே 100 முதல் 120 மீட்டர் வரை இருந்தால் நடை நேராக இருக்கும். 250 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு என்றால், எதிரே தெரியும் வீட்டுக்குப் போகக்கூடத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருக்கும்.

விளம்பர நேர்மையில் ஜப்பான் பரவாயில்லை. அங்கே வீட்டு விளம்பரத்தில் 'நிலையத்திலிருந்து இத்தனை நிமிடம்' என்று போட வேண்டுமானால் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், தெருவழித் தூரத்தை அளந்து, மிச்சம் வரும் பின்னத்தை மேலே முழுமையாக்கித்தான் போட வேண்டும். 2022-இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். அடுக்குமாடி என்றால் கட்டடத்தின் வாசலிலிருந்து அளக்க வேண்டும். பல வீடுகள் உள்ள திட்டமென்றால் அருகிலிருக்கும் வீட்டின் தூரத்தோடு கடைக்கோடி வீட்டின் தூரத்தையும் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் வர வேண்டிய விதி.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு: சிக்னலில் நிற்கும் நேரமும் மேடேறும் நேரமும் கணக்கில் வராது. 120 விநாடிச் சுழற்சியில் நடப்பவருக்கு 20 விநாடி மட்டும் பச்சை விழும் சிக்னலில் சராசரிக் காத்திருப்பு சுமார் 42 விநாடி. அது 55 மீட்டர் நடைக்குச் சமம். நடுத்தீவில் நின்று இரண்டு தடவையாகக் கடக்க வேண்டிய அகலச் சாலை என்றால் இழப்பு 100 மீட்டரைத் தாண்டும். நிலைய வாசலுக்கு எதிரே ஆறுவழிச் சாலை இருந்தால் 400 மீட்டர் வட்டத்தை அந்தப் பக்கம் 300 மீட்டராகச் சுருக்கி வரைந்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் நிலையம் கட்டியிருந்தால் இன்னும் மோசம். முதல் நூறு மீட்டர் முழுக்கச் சாலையும் இறங்குதடமும்தான். அங்கே நடைநகர் என்ற பேச்சே கண்துடைப்பு.

தண்டவாளத்தின் அந்தப்பக்கம்

தரைமட்டத்தில் ஓடும் தண்டவாளம் வட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. நிலையக் கட்டடமும் டிக்கெட் கவுன்ட்டரும் ஒரு பக்கம். அடுத்த பக்கத்துக்கு ஒரு நடைமேம்பாலம், அதுவும் நடைமேடையின் ஒரே முனையில். 12 பெட்டி ரயில் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம். கடைசிப் பெட்டிக்கு நேரெதிரே வீடு இருப்பவர், பாலம் வரை 240 மீட்டர் போய், ஏறி இறங்கி, அதே 240 மீட்டர் திரும்பி வர வேண்டும். வீட்டுப் பால்கனியிலிருந்து ரயில் தெரியும். பிடிக்கத்தான் ஏழு நிமிடம் ஆகும். நடைமேடையின் இரு முனையிலும் வாசல் வைத்தாலே போதும், புதிதாக ஒரு செங்கல் கூட வைக்காமல் நூற்றுக்கணக்கான வீடுகள் ஐந்து நிமிட எல்லைக்குள் வந்துவிடும். இந்தத் துறையில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நிமிடம் வேறில்லை. ஆனாலும் டிக்கெட் சோதனைக்கு ஆள் போதாது என்று சொல்லி ரயில்வே தட்டிக்கழிப்பது இதைத்தான்.

கடப்பது மேலேயா கீழேயா? மின்கம்பிக்கு மேலே போகும் பாலம் தண்டவாளத்திலிருந்து சுமார் 7 மீட்டர் ஏற வேண்டும். 15 செ.மீ. படியில் அது 47 படிகள். 1:12 சாய்தளம் போட்டால், 75 செ.மீ. உயரத்துக்கு ஒரு சமதளம் என்ற கணக்கில் ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 98 மீட்டர் நீளும். கீழே சுரங்கப்பாதை என்றால் 3.5 மீட்டர் இறங்கினால் போதும். 24 படிகள், அல்லது 48 மீட்டர் சாய்தளம். குழந்தை வண்டி, சைக்கிள், முழங்கால் வலி மூன்றுக்கும் சுரங்கப்பாதையே மேல்.

அதன் எதிரி தண்ணீர். வாய்ப்பகுதியைச் சாலைமட்டத்திலிருந்து 15 செ.மீ.யாவது மேடாக்கிவிட்டுப் பிறகு இறக்காவிட்டால், சாலையில் ஓடும் மழைநீர் முழுதும் உள்ளே வரும். பம்பு ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும், தனி மின்சப்ளையோடு. இரண்டாவது எதிரி பயம். அகலம் 4 மீட்டருக்குக் குறைந்தாலோ, நடுவில் வளைவு இருந்து மறுமுனை தெரியாமல் போனாலோ இரவில் யாரும் இறங்க மாட்டார்கள். பிறகு 'மக்களுக்கு நடக்கப் பிடிக்கவில்லை' என்று அறிக்கை எழுதப்படும்.

இந்த ஒரு விஷயத்தில் ஹவுட்டனை மிஞ்ச ஆளில்லை. அங்கே தண்டவாளத்தை மேலே தூக்கி, நடையையும் சைக்கிளையும் தரைமட்டத்திலேயே விட்டிருக்கிறார்கள். நடைமேடைக்கு நேர்கீழே 3,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களுக்கு நிறுத்துமிடம். சைக்கிளை வைத்துவிட்டுப் படியேறினால் ரயில். வெல்லிங்பியில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். மெட்ரோ கீழே ஓட, அதன்மேல் தளம் போட்டு ஊர் மையத்தை உட்கார வைத்தார்கள். இரண்டிலும் 'அந்தப்பக்கம்' என்று ஒன்று இல்லாமல் போயிற்று. செலவு அதிகம்தான். ஆனால் வட்டத்தின் மறுபாதி மனைகளின் மதிப்பையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் 200 மீட்டர்

திட்டங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். 200 மீட்டர் ஆர வட்டம் என்பது 12.6 ஹெக்டேர். அதற்குள் தண்டவாளமும் நடைமேடையும், பேருந்து நிறுத்தமும், ஆள் இறக்கிவிடும் இடமும், மின் துணைநிலையமும் வந்துவிடுகின்றன. மிச்சமிருப்பதை கார் பார்க்கிங் தின்கிறது. ஒரு காருக்கு நடுவழியையும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். 500 கார் என்றால் 1.4 ஹெக்டேர், வட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் நிலைய வாசலுக்கு நேரெதிரே, நடப்பவர்கள் எல்லோரும் கடந்தே தீர வேண்டிய இடத்தில்.

இதில் ரயில்வே தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அதே 1.4 ஹெக்டேரில் ஹெக்டேருக்கு 120 வீடு கட்டினால் 170 வீடுகள். அவற்றிலிருந்து காலையில் ரயிலேறுபவர் 500 பேர் வர மாட்டார்கள். காலை நேர டிக்கெட்டை மட்டும் எண்ணினால் பார்க்கிங்தான் ஜெயிக்கும். அதனால்தான் 'எடுக்கும் ஒவ்வொரு கார் இடத்துக்கும் ஒன்றுக்கு ஒன்றாகப் புதிய இடம் கட்டிக் கொடு' என்ற நிபந்தனை வருகிறது. பல நல்ல திட்டங்கள் அந்தப் பல்லடுக்கு பார்க்கிங்கின் செலவிலேயே படுத்துவிடுகின்றன. ஆனால் கார் இடம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் விலைபோகும். காலையில் நிரம்பினால் மாலைவரை அசையாது. பதினோரு மணி ரயிலுக்கு அங்கிருந்து ஆளே கிடைக்காது. வீடும் கடையும் அலுவலகமும் நாள் முழுக்க, இரு திசையிலும் ஆள் அனுப்பும்.

நடைமுறைத் தீர்வு இரண்டு. ஒரு தடத்தில் எல்லா நிலையமும் எல்லாமாக இருக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிக்கோடி நிலையத்தைக் காருக்கு விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நிலையத்தை நடைக்கு வைத்துக்கொள்ளலாம். அது முடியாவிட்டால் பார்க்கிங்கை 300 மீட்டர் தள்ளி வையுங்கள். கார்க்காரர்கள் நான்கு நிமிடம் கடைத்தெருவழியே நடப்பார்கள். கடைக்காரருக்கு அதுவே வியாபாரம். அதே பரப்பில் ஒரு காருக்குப் பதில் குறைந்தது 12 சைக்கிள் நிற்கும். அவற்றை மட்டும் வாசலை ஒட்டியே வைக்கலாம்.

இறக்கிவிடும் இடத்தைக் காலைக் கூட்டத்தை வைத்துக் கணக்கிடுவது வழக்கமான பிழை. காலையில் கார் நிற்பது அரை நிமிடம். மாலையில் ரயில் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்து காத்திருக்கும். நெருக்கடி மாலைக்குத்தான், அந்த வரிசை பேருந்துத் தடத்தை அடைத்துக்கொள்ளாதபடி தனி வழி விட வேண்டும்.

நடைபாதை அகலத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ரயிலிலிருந்து ஒரு வாசல் பக்கமாக 600 பேர் இறங்கி நான்கு நிமிடத்தில் கலைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 பேர். இடித்துக்கொள்ளாமல் நடக்க ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 40 பேர் என்பது நியாயமான அளவு. ஆக, தடையற்ற அகலம் 3.75 மீட்டர் வேண்டும். மின்கம்பம், விளம்பரப் பலகை, நிறுத்திய இருசக்கர வண்டி, மரத்தொட்டி எல்லாம் போக மிஞ்சும் அகலத்தைச் சொல்கிறோம். வரைபடத்தில் 4 மீட்டர் என்று இருப்பது தரையில் 2 மீட்டர்தான் தேறும். அப்போது கூட்டம் சாலையில் இறங்கும், கார்கள் ஹாரன் அடிக்கும். தெருமுனையின் வளைவு ஆரத்தையும் பாருங்கள். 10, 12 மீட்டர் என்று இருந்தால் வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்பும், கடக்கும் தூரமும் கூடும். பேருந்து திரும்பாத முனைகளில் 3 முதல் 5 மீட்டர் போதும்.

கடை: எண்ணிக்கையைக் குறைத்தால் பிழைக்கும்

'கலப்புப் பயன்பாடு' என்றவுடன் எல்லாத் தெருவிலும் தரைத்தளக் கடையைக் கட்டாயமாக்கும் விதி வந்துவிடுகிறது. கணக்கு இடம் கொடுக்காது. சில்லறை வணிகத் திட்டமிடலில் புழங்கும் தோராயம், ஒரு தெருமுனைக் கடை தாக்குப்பிடிக்க நடைதூரத்தில் சுமார் 1,000 வீடுகள் வேண்டும் என்பது. முழு சூப்பர்மார்க்கெட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு. நடந்து எட்டும் 32 ஹெக்டேரில் தெருவும் பூங்காவும் போக 18 ஹெக்டேர் மனை என்றால், ஹெக்டேருக்கு 100 வீடு வீதம் 1,800 வீடுகள். நிலையத்துக்கு வந்துபோகும் கூட்டத்தையும் சேர்த்தால் ஒரு நல்ல கடைத்தெரு வாழும். ஐந்து தெருக்கள் வாழாது. ஐந்திலும் கடை கட்டினால் நான்கில் ஷட்டர் இறங்கியே இருக்கும். பூட்டிய ஷட்டர் வரிசையைக் கடந்து நடக்க யாருக்கும் மனம் வராது.

கடைத்தெருவை நிலைய வாசலிலிருந்து வீடுகள் அதிகமுள்ள திசையில் 150 முதல் 200 மீட்டருக்குள் அடக்குங்கள். மற்ற தெருக்களில் தரைத்தளத்தை உயரமாக மட்டும் கட்டச் சொல்லுங்கள். இப்போது வீடாகவோ சிறு அலுவலகமாகவோ இருக்கட்டும், தேவை வந்தால் கடையாகும். கடைக்கான தளம் என்றால் உயரம் 4 முதல் 4.5 மீட்டர், ஆழம் 12 மீட்டருக்குக் குறையாமல், 8-10 மீட்டருக்கு ஒரு வாசல். சமையல் புகை மொட்டைமாடிவரை போகும் குழாய்த்தடம் ஒன்றிரண்டு கடைகளுக்காவது முதலிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஆறு மாடி வீடுகளைத் துளைத்து அதைக் கொண்டுபோக முடியாது. உணவகம் வராமலே போகும். கடை வாசலும் நடைபாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அடித்தள பார்க்கிங்குக்குக் காற்றோட்டம் வேண்டுமென்று கட்டடத்தை 60 செ.மீ. தூக்கி நான்கு படி வைத்தால், அந்தக் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஒரென்கோ ஸ்டேஷன் மதிப்பெண் இழப்பது இங்கே. ஓரிகனில் 1998-இல் ஓடத் தொடங்கிய இலகு ரயில் தடத்தில் இருக்கும் இந்த ஊரின் கடைமையம் நிலையத்தை ஒட்டி இல்லை. ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி, கார்ப் போக்குவரத்து மிகுந்த சாலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் பக்கம் நியாயம் உண்டு: அன்று ரயில் பயணிகளை மட்டும் நம்பிக் கடை திறக்க முடியாது. ஆனால் விளைவு, நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே நீண்ட காலம் வெற்று நிலம். 2010-களில்தான் அங்கே அடுக்குமாடிகள் நிரம்பத் தொடங்கின. ஊருக்குள் நடை சுகம்; தெருக்கள், முகப்புகள், பூங்கா எல்லாம் நேர்த்தி. வேலைக்குப் பெரும்பாலோர் காரில்தான் போனார்கள். நடைக்கு 5-இல் 4, ரயிலடி என்ற பெயருக்கு 2.

எதிர்த்திசைப் பயணி

காலையில் நகருக்கு நிரம்பி வழிந்து, திரும்பும்போது காலிப் பெட்டிகளோடு ஓடும் ரயில் நட்டத்தில் ஓடுகிறது. நட்டத்தில் ஓடினால் நடுப்பகல் ரயில்கள் வெட்டப்படும். நடுப்பகலில் ரயில் இல்லாத நிலையத்தைச் சுற்றி நடைநகர் நிலைக்காது. 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் இருந்தால் கால அட்டவணை பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பலாம். அரை மணிக்கு ஒன்று என்றால் தவறவிடும் பயம் வரும். மணிக்கு ஒன்று என்றால் இரண்டாவது கார் வாங்குவார்கள். வீட்டுத் தரகர் சொல்லும் காலை எட்டு மணி அட்டவணையை விட்டுவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்தரைக்கும் ஞாயிறு காலையிலும் என்ன வருகிறது என்று பாருங்கள்.

ஜப்பானியத் தனியார் ரயில் நிறுவனங்கள் இதை நூறாண்டுக்கு முன்பே பிடித்துவிட்டன. பின்னாளில் ஹான்க்யூ ஆன நிறுவனத்தின் கோபயாஷி இச்சிஸோ, 1910-இல் ரயில் ஓடத் தொடங்கியபோதே வழியில் வீட்டுமனைகளைத் தவணைக்கு விற்றார். தடத்தின் ஊர்ப்புற முனையான தகராஸுகாவில் வெந்நீர்க் குளியலும் மேடைக் கலையும், நகர முனையான உமேதாவில் 1929-இல் பல்பொருள் அங்காடியும் வந்தன. எல்லாம் எதிர்த்திசையிலும் விடுமுறை நாளிலும் இருக்கை நிரப்பும் ஏற்பாடு. தோக்யூவின் முன்னோடி நிறுவனம் கெய்யோ பல்கலைக்கழகத்துக்கு ஹியோஷியில் நிலத்தைச் சும்மா கொடுத்து 1934-இல் வளாகம் திறக்க வைத்தது. நகரிலிருந்து வெளியே போகும் ரயிலிலும் அன்றிலிருந்து மாணவர் கூட்டம்.

அதே தோக்யூ கட்டியதுதான் தாமா தென்-என்-தோஷி. 1953-இல் தோக்யூவின் தலைவர் கோதோ கெய்தா நில உரிமையாளர்களிடம் திட்டத்தை வைத்தார். 1966-இல் ரயில் வந்தது, 1984-இல் தடம் முழுமையானது. சுமார் 5,000 ஹெக்டேர், 6 லட்சம் பேர். நிலத்தைக் கையகப்படுத்தாமல் மறுவரைவு முறையில் செய்தார்கள். ஒவ்வொரு உரிமையாளரும் தன் நிலத்தில் ஒரு பங்கைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் விற்பனை மனைக்கும் விட்டுக்கொடுத்தார். சிறிதானாலும் மதிப்புக் கூடிய மனையைத் திரும்பப் பெற்றார். நிறுவனம் பணியைத் தன் செலவில் செய்து, விற்பனைக்கு ஒதுக்கிய நிலத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டது. ரயில் போட்டவருக்கே நில மதிப்பின் உயர்வும் போய்ச் சேரும் இந்த ஏற்பாட்டுக்கு 5-இல் 5. நடைக்கு 3-தான். மேடுபள்ளமான நிலம், தனிவீடுகள் மிகுதி, பல பகுதிகளுக்கு நிலையத்திலிருந்து பேருந்து தேவை. வெற்றியே வினையாகி, பெருந்தொற்றுக்கு முன்வரை காலை நெரிசல் கொள்ளளவில் 180 விழுக்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னொரு குறை மெதுவாகத் தெரிந்தது: ஒரே வயதினர் ஒரே அளவு வீடுகளை ஒரே காலத்தில் வாங்கியதால் ஊரே ஒன்றாக மூப்படைந்தது. ஒவ்வொரு தெருவிலும் சிறிதும் பெரிதுமாக வீடுகள் கலந்திருந்தால், வீடு மாறுபவர்கள் நிலையத்தை விட்டு விலகாமலேயே மாறலாம்.

வெல்லிங்பியும் எதிர்த்திசையைக் குறிவைத்துத்தான் கட்டப்பட்டது. 1954-இல் மையம் திறக்கப்பட்ட இந்த ஊருக்கு நகரத் திட்டமிடுநர் ஸ்வென் மார்கேலியுஸின் குழு வைத்த சூத்திரம் வேலை, வீடு, மையம் மூன்றும் ஒரே இடத்தில் என்பது. நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் அடுக்குமாடிகள், அதற்கு வெளியே 1,000 மீட்டர்வரை வரிசை வீடுகளும் தனிவீடுகளும். அடர்த்தி படிப்படியாக இறங்கும் இந்த அமைப்பு இன்றும் பாடம். மையத்துக்குக் காரோடு மோதாமல் நடந்து வரலாம். வேலைப் பங்குதான் நினைத்தபடி நடக்கவில்லை. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வேறிடத்துக்கு வேலைக்குப் போனார்கள், அங்கு வேலை செய்பவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். சூத்திரத்துக்கு அது தோல்வி; மெட்ரோவுக்கு லாபம், ஏனென்றால் இரு திசையிலும் ஆள் ஏறினார்கள். ரயிலடி நடைநகராக மொத்தத்தில் பார்த்தால் நான்கில் வெல்லிங்பிக்கே அதிகம்: 5-இல் 4.

வேலையிடத்தை நிலையத்துக்கு இழுக்க டென்மார்க் போட்ட விதி எளிமையானது: கோபன்ஹேகன் பகுதியில் 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம் என்றால் பொதுவாக நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வர வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் சைக்கிளில் வரலாம். இறங்கும் முனையில் கையில் சைக்கிள் இருக்காது. ஆகவே அலுவலகம் வீட்டைவிட நிலையத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பல திட்டங்கள் இதைத் தலைகீழாக வைத்து, அலுவலகங்களை நெடுஞ்சாலையோரம் அனுப்பிவிடுகின்றன.

ஹவுட்டனுக்கு மதிப்பெண் போடுவது கொஞ்சம் சிக்கல். நகரத் திட்டமிடுநர் ராப் டெர்க்ஸின் திட்டத்தில் ஊரைச் சுற்றி ஒரு வட்டச்சாலை. கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெளியே போய்ச் சுற்றி வர வேண்டும். சைக்கிள் நேராக நடுவே போகும். கார் வைத்திருப்பவர்கள் குறைவில்லை, ஊருக்குள் அதை எடுப்பதுதான் குறைவு. ஆனால் வீடுகள் பெரும்பாலும் தாழ்வான வரிசை வீடுகள். அந்த அடர்த்தியில் 400 மீட்டருக்குள் போதிய ஆள் கிடையாது. கணக்கைச் சரிக்கட்டுவது சைக்கிள்: 2 கிலோமீட்டர் ஆரம் எட்டு நிமிடத்தில் வரும், பரப்பு 1,257 ஹெக்டேர், 800 மீட்டர் வட்டத்தைப்போல ஆறு மடங்கு. இதை நடைநகர் என்று விற்றால் 3, சைக்கிள் நகர் என்று விற்றால் 5. அடுக்குமாடிக்கு ஒப்புக்கொள்ளாத புறநகருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

வாங்குமுன்

தண்டவாளத்தை ஒட்டிய மனையில் படுக்கையறை தண்டவாளத்தைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் சரக்கு ரயில் ஓடும் தடமா என்று கேளுங்கள். சத்தத்தை இரட்டைக் கண்ணாடி தடுக்கும்; தரைவழி வரும் அதிர்வை அது தடுக்காது, அடித்தளத்திலேயே அதிர்வுத்தாங்கி வைத்திருக்க வேண்டும். தண்டவாள ஓரத்தில் அலுவலகமோ பார்க்கிங் கட்டடமோ அரணாக நின்று, வீடு அதன் பின்னால் இருந்தால் நல்லது.

வீட்டு விலையோடு கார் இடத்தைச் சேர்த்தே விற்கிறார்களா, தனியாக விற்கிறார்களா? சேர்த்து விற்றால் கார் இல்லாதவர், இருப்பவரின் இடத்துக்குப் பணம் கட்டுகிறார். பகலில் அலுவலகத்துக்கும் இரவில் வீட்டுக்கும் ஒரே இடத்தைப் பகிர்ந்தால் தேவை நன்றாகக் குறையும். புரோமோட்டர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது வங்கிக் கடன் காரணமாகத்தான்.

கடைசியாக, திட்டத்தின் எந்தக் கட்டம் முதலில் வருகிறது என்ற வரிசை. பெரும்பாலான திட்டங்களில் வெளிவட்ட வீடுகள் முதலில் வரும். விலை உயரட்டும் என்று நிலைய வாசல் நிலத்தை வைத்திருப்பார்கள். அதுவரை அங்கே 'தற்காலிக' பார்க்கிங். முதலில் குடியேறியவர்கள் பல ஆண்டுகள் அந்த வெட்டவெளியைக் கடந்து நடப்பார்கள், பாதிப்பேர் காருக்கு மாறிவிடுவார்கள். பிறகு அந்தத் தற்காலிக இடத்தை எடுக்கப்போனால் எதிர்ப்பு அவர்களிடமிருந்தே வரும். தற்காலிக பார்க்கிங்குக்கு முடிவுத் தேதி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, நிலையத்திலிருந்து முதல் 150 மீட்டர் கடைத்தெரு முதல் கட்டத்திலேயே வருகிறதா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பு தாளில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் கட்டம் வரும்வரை வாடகைக்கு இருப்பதே மேல்.